நிக்கிஃபோர் பேருக்கு முப்பத்தாறு கிண்ணங்கள்

என் சமையலறை அலமாரியில் இருக்கும் கிண்ணங்களில் ஒன்றைக்கூட நான் கடையில் வாங்கவில்லை. நீலப் பூ போட்டது, பச்சைக் கரை வைத்தது, சேவல் வரைந்தது, ஓரம் சில்லுப்போனது என்று சென்ற வருடம்வரை முப்பத்தைந்து இருந்தன. காலையில் பால் குடிப்பதும் மதியம் சூப் குடிப்பதும் அவற்றில்தான். எல்லாமே நிக்கிஃபோர் என்கிற ஒரு செத்த மனிதரின் பேருக்கு எனக்குக் கொடுக்கப்பட்டவை.

ஈஸ்டர் முடிந்து ஏழு வாரத்தில் வரும் பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை எங்களுக்குச் செத்தவர்களின் நாள். புதுக் கிண்ணம் வாங்கி, வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் வால்நட்டும் கலந்து நிரப்பி, நடுவில் ஒரு மெழுகுவத்தியைச் செருகி, கைப்பிடி செர்ரிப் பழத்தோடு யாருக்காவது கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் "கடவுள் மன்னிக்கட்டும்" என்று சொல்லி வாங்கிக்கொள்வார். மன்னிப்பு, யார் பேருக்குத் தரப்படுகிறதோ அவருக்கு. கிண்ணம் திரும்பிப் போகாது. வாங்கியவர் வாய்க்குள் போவது செத்தவர் வாய்க்குப் போய்ச் சேரும். எங்கள் ஊர் புக்கரெஸ்டில் கடவுளையே நம்பாதவர்கள்கூட இதைச் சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லை.

நிக்கிஃபோரின் மகள் சம்ஃபீரா ட்ராம் ஓட்டுகிறவள். அவள் வாயைத் திறந்தால் எதிர்த் தண்டவாளத்தில் வருகிறவனுக்கும் கேட்கும். சென்ற வருடம் அந்தச் சனிக்கிழமை, வழக்கம்போல, மணியை அடித்துவிட்டுக் கதவுக்கு வெளியிலிருந்தே ஆரம்பித்தாள்.

"சார்! உயிரோட இருக்கீங்களா, இல்ல உங்க பேருக்கும் ஒரு கிண்ணம் சேத்து வாங்கணுமா?"

"இன்னும் கொஞ்சம் பொறும்மா. செர்ரி விலை குறையட்டும்."

"அப்ப நீங்க சாகவே போறதில்ல."

உள்ளே வந்ததும் முகத்தை மாற்றிக்கொண்டு, இரண்டு கையாலும் கிண்ணத்தை நீட்டினாள். "எங்கப்பா நிக்கிஃபோர் பேருக்கு."

"கடவுள் மன்னிக்கட்டும்" என்றேன். முப்பத்தாறாவது தடவை.

நான் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொள்ளும்வரை அவள் நின்று பார்ப்பாள். அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கிற பார்வை அது. பிறகுதான் உட்காருவாள். அன்றைக்கு உட்கார்ந்ததும் சீருடைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தாள்.

"கெடச்சிருச்சு சார். அனுமதி. ஏழு ஆபீஸ் ஏறி இறங்கினேன். ஒருத்தன் என்னைப் பாத்ததும் மேசைக்கு அடியில பேனா தேடுற மாதிரி குனிஞ்சுக்குவான். அவனையே கையெழுத்துப் போட வச்சேன்."

எங்கள் குடியிருப்பின் பக்கச் சுவரில் பதிக்கப்போகும் வெண்கலப் பலகையின் வாசகம் அது. *இந்த இடத்தில் மெழுகுக்காரர் தேவாலயம் இருந்தது. 1839–1985. அதைக் காக்கக் குரல் கொடுத்த வரலாற்றாளர் ஒக்டாவ் மெரிஷானுக்கு இத்தெருவாசிகளின் நன்றி.*

ஒக்டாவ் மெரிஷான் நான்தான்.

"என் பேரு எதுக்கும்மா?"

"சும்மா இருங்க சார். அடக்கமெல்லாம் செத்தப்புறம் வச்சுக்கலாம். பலகை திறக்குற அன்னைக்கு நீங்கதான் பேசணும், பத்து நிமிஷம். நம்ம பேட்டை ஆதியிலேருந்து எப்படி இருந்துச்சு, யார் யார் வந்தா, யார் யார் கெடுத்தா, எல்லாம். இப்போதைக்கு வருஷம் மட்டும் சரியான்னு பாத்துக் குடுங்க. புதன்கிழமை வார்க்கக் குடுக்கணும்."

"1839ன்னு யார் சொன்னது?"

"பழைய லிஸ்ட்டுல இருக்கு. இடிச்ச கட்டடத்தையெல்லாம் வரிசையா டைப் அடிச்சு வச்சிருக்கானுங்க. 'மெழுகுக்காரர் தேவாலயம், 1839, மதிப்பு: இல்லை.' மதிப்பு இல்லையாம்! எழுதின நாய் யாருன்னு ஒரு கையெழுத்துகூடக் கெடையாது." செர்ரிக் கொட்டையைத் துப்பிவிட்டு அவள் சிரித்தாள். "எங்கப்பா பாவம், சாகுற வரைக்கும் 'அது முன்னூறு வருஷப் பழசு, கல்லை என் கையால தொட்டேன்'னு சொல்லிக்கிட்டே கெடந்தாரு. நானும் நம்பினேன். நூத்தம்பதுகூட ஆகல பாருங்க. கடைசிக் காலத்துல காய்ச்சல் வேற. உளறியிருக்காரு. போனா போகுது, புளுகினாலும் நம்ம அப்பா."

வாயிலிருந்த கோதுமையைத் தண்ணீர் குடித்து இறக்கினேன். புதன்கிழமைக்குள் பார்த்து வைக்கிறேன் என்று சொல்லி அவளை அனுப்பினேன்.

அந்த நாய் நான்தான்.

1985இல் எனக்கு முப்பத்துமூன்று வயது. நான் வேலை பார்த்த அலுவலகம் எதுவென்பது இப்போது யாருக்கும் தேவையில்லை. நடுநகரில் பெரிய சாலை வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்த காலம். பாதையில் நிற்கும் ஒவ்வொரு பழைய கட்டடத்துக்கும் நான் ஒரு பக்கச் சீட்டு எழுத வேண்டும்: என்ன கட்டடம், எந்த வருடம், மதிப்பு உண்டா. எங்கள் பிரிவுத் தலைவர் கொர்புவுக்குச் சொந்தமாக ஒரு விதி இருந்தது. 1750க்கு முந்தைய தேவாலயம் என்றால் சீட்டைப் பொறியாளர்களிடம் அனுப்புவார். அவர்கள் அடியில் தண்டவாளம் போட்டு, கட்டடத்தை முழுசாக நகர்த்தி, புதுக் குடியிருப்புகளின் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்கள். பிந்தியது என்றால் இடிப்பு.

மெழுகுக்காரர் தேவாலயத்தின் வாசலுக்கு மேல் 1839 என்றுதான் கல்லில் இருந்தது. அளவெடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். மணி அடித்து, விளக்கேற்றி, மிச்ச நேரத்தில் மெழுகு காய்ச்சுகிற நிக்கிஃபோர்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அது மக, தம்பி. ஆத்தாக்காரி உள்ள இருக்கா."

பாடகர்கள் சாய்ந்து நிற்கும் மர இருக்கைக்குப் பின்னால் சுவர் புகையேறிக் கருத்திருந்தது. அவர் சமையல் கரண்டியால் சுண்ணாம்பைச் சுரண்டினார், நான் பேனாக் கத்தியால். இரண்டு நாள் சுரண்டினோம். மூன்றாம் நாள் கல் முழுசாகத் தெரிந்தது. பழைய வழக்கப்படி, உலகம் உண்டானதிலிருந்து எண்ணிய வருடம் அதில் செதுக்கியிருந்தது: ஏழாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்று. நான் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன்.

"எத்தன தம்பி? வாயத் தொறந்து சொல்லு."

"ஆயிரத்து அறுநூத்தி எண்பத்திமூணு, பெரியவரே. நம்ம பிரபு துருக்கிக்காரனோட சேந்து வியன்னாவ முற்றுகை போடப் போயிருந்த வருஷம்."

"அதான பாத்தேன். பிரபு ஊர்ல இல்லாதப்பதான் நம்ம ஆளுங்க உருப்படியா எதையாவது கட்டுவானுங்க" என்றார். அப்படிச் சொல்லிவிட்டுக் கல்லில் நெற்றியை வைத்து அழுதார்.

கல்லில் பதினோரு பெயர்கள் இருந்தன. பணம் போட்டுக் கட்டிய மெழுகுக்காரர்கள். *இங்கே வருகிறவர்களே, எங்கள் பெயரைச் சொல்லி எங்களை நினையுங்கள்* என்று கீழே கேட்டிருந்தார்கள். நிக்கிஃபோர் மெழுகுவத்தி பிடிக்க, நான் ஒரு தாளில் எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். ஒரு சொட்டு மெழுகு தாளில் விழுந்தது. அவர் பதறிப்போய்க் கட்டைவிரலால் அழுத்தித் துடைக்கப் பார்த்தார். ரேகை அப்படியே பதிந்துவிட்டது.

மறுநாள் கொர்புவின் அறையில் நின்றேன்.

"வாசலுக்கு மேல என்ன போட்டிருக்கு, ஒக்டாவ்?"

"1839, தோழரே. ஆனா உள்ள..."

"உள்ள என்னன்னு நான் கேட்டேனா? வாசலுக்கு மேலன்னு கேட்டேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. புதுக் குடியிருப்புகளில் வீடு பெறுகிறவர்களின் பட்டியல் மேசையில் கிடந்தது. நாளைக்கு மேலிடத்துக்குப் போகிறது என்று மட்டும் சொன்னார். ஆறாவது மாடி, இரண்டு அறை, பால்கனி. என் பெயர் பென்சிலில் எழுதியிருந்தது. அந்த மனிதர் என்னை மிரட்டியிருந்தால் இன்றைக்குச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒன்று இருந்திருக்கும். மிரட்டவே இல்லை.

நானும் என் மனைவி வெதுரியாவும் அப்போது மாமியார் வீட்டுச் சமையலறையில் படுத்துக்கொண்டிருந்தோம். மாமியார் அடுப்பின் கதவைத் திறக்க வேண்டுமென்றால் நான் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். ஐந்து வருடம் மடக்கினேன். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. எதற்காக விற்றேன் என்று மட்டும் சொல்கிறேன். *1839. மதிப்பு: இல்லை.* நாலு வினாடிகூட ஆகவில்லை எழுத.

செப்டம்பரில் இடித்தார்கள். தெருக்காரர்களுக்குச் சாமான் கட்ட மூன்று நாள் கொடுத்தார்கள். நான் அந்தப் பக்கம் போயிருக்கவே கூடாது. போனேன். லாரிக்குப் பக்கத்தில், மெழுகு காய்ச்சும் கொப்பரையைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு நிக்கிஃபோர் நின்றார்.

"எழுதினியா தம்பி?"

"எழுதினேன் பெரியவரே. மேல கேக்கல."

அவர் கொப்பரையைக் கீழே வைத்துவிட்டு, சூடுபட்டுத் தடித்த விரல்களால் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீ எழுதினியே, அது போதும்" என்றார். சீட்டில் எழுதிய பொய்யை வேலை என்று வைத்துக்கொள்ளலாம். இதை எதில் சேர்ப்பது?

ஊருக்கு வெளியே எட்டாவது மாடியில் அவருக்கு வீடு கொடுத்தார்கள். லிஃப்ட் ஓடவில்லை, தண்ணீர் மேலே ஏறவில்லை, அறையைச் சூடேற்றும் குழாய்கள் சில்லிட்டுக் கிடந்தன. இரண்டாவது குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தார். கோயிலில் வேண்டிக்கொள்ளத் தரும் பெயர்ப் பட்டியலில், உயிரோடிருப்பவர்கள் வரிசையில், மகளுக்கு அடுத்ததாக என் பெயரை எழுதி வைத்திருந்தாராம். அந்தத் தாளை வைத்துத்தான் பத்தொன்பது, இருபது வயது சம்ஃபீரா என்னைத் தேடிக்கொண்டு முதல் கிண்ணத்தோடு வந்தாள்.

வந்த இடம் இந்த வீடு. அவர்கள் தேவாலயம் நின்ற இடத்தின் மேலேயே கட்டிய குடியிருப்பு. பால்கனியிலிருந்து பார்த்தால் கீழே முற்றத்தில் ஒரு லிண்டன் மரம் தெரியும். பலிபீடம் இருந்த இடம் அதிலிருந்து இருபதடி தெற்கே. அதை அளந்து சொல்லக்கூடிய ஆள் இந்த ஊரில் நான் ஒருவன்தான். அளவெடுத்தவன் நானாயிற்றே.

வெதுரியா அந்தக் கோதுமையை ஒரு நாளும் தொட்டதில்லை. "உனக்குத்தான் குடுத்தா, நீயே தின்னு" என்பாள். அவள் இருந்தவரை என்னை அதற்குமேல் எதுவும் கேட்டதில்லை. நான் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்தபோதாவது சொல்லியிருக்கலாம். எல்லோரும் எதையாவது ஒப்புக்கொண்டிருந்த காலம். நானோ வேறு வேலையில் இருந்தேன். இழந்த பேட்டைகளைப் பற்றிப் பேசுவதில் பெயர் வாங்கிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் முப்பது நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, இங்கே இன்னது இருந்தது என்று கைநீட்டிக் காட்டுவேன். சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். என் குரலும் சரியான இடத்தில் கம்மும். முன்வரிசையில் சம்ஃபீரா நின்று, பக்கத்திலிருப்பவர்களிடம் "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சவரு" என்பாள். இதை எழுதும்போது உடம்பு கூசுகிறது.

அந்த ஞாயிறும் திங்களும் அவள் கேட்ட பேச்சை எழுத உட்கார்ந்தேன். இந்த ஊரின் கதை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆட்டிடையன் ஒருவன் ஆற்றங்கரையில் பட்டி போட்டான் என்கிற கதையில் ஆரம்பித்தேன். டம்போவிட்சா ஆற்றுச் சேற்றில் மரக்கட்டை பாவிய தெருக்கள். ஆயிரத்து ஐந்நூறுகளின் கடைசியில் பின்வாங்கிப் போன துருக்கிப் படை ஊரைக் கொளுத்திவிட்டுப் போனது. அடுத்து வந்த பிரபுக்கள் ஒருவன் கட்டியதை அடுத்தவன் பிடுங்கினான். 1802இல் பூமி ஆடி, ஊரிலேயே உயரமான கோபுரத்தின் தலையைக் கொண்டுபோனது. பத்து வருடம் கழித்துக் கொள்ளைநோய். 1838இல் மறுபடி நடுக்கம். அதில் சரிந்ததைத்தான் மெழுகுக்காரர்கள் மறுவருடம் எடுத்துக் கட்டி வாசலில் புதுக் கல் வைத்தார்கள். 1847இல் ஈஸ்டர் அன்று தீ. யாரோ விளையாட்டாகத் துப்பாக்கி சுட்டான் என்பார்கள். பிறகு பாரிஸ் மோகம் பிடித்த மேயர்கள் சத்திரங்களைத் தட்டிவிட்டு நேர்ச்சாலை போட்டார்கள். விமானக் குண்டு. 1977இல் மறுபடி நடுக்கம்.

படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. ஒவ்வொரு நூற்றாண்டுக்கும் ஒரு குற்றவாளியைப் பேர் சொல்லிப் பிடித்து நிறுத்தியிருந்தேன். 1985க்கு வந்ததும் என் கை தானாக எழுதியிருந்தது: *பின்னர் இந்தப் பேட்டை மறைந்தது.* என்னமோ பனி விலகியது போல. ஐந்நூறு வருடத்துக் கயவர்கள் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்த மகாநியாயஸ்தன், தன் முறை வந்ததும் நழுவியிருக்கிறேன்.

நாலாவது முறை அடித்து எழுதியபோதுதான் எனக்கு உறைத்தது. என் பெயர் வெண்கலத்தில் ஏறுவதுகூட இரண்டாம்பட்சம். 1839 ஏறிவிட்டால் நிக்கிஃபோர் என்றென்றைக்கும் புளுகன் ஆகிவிடுவார், அதுவும் மகள் கையாலேயே. கல்லை எடுத்தேன், வீட்டை எடுத்தேன், இப்போது அவர் வார்த்தையையும் எடுக்கப்போகிறேன். மேசையின் அடித்தட்டைத் திறந்தேன். மெழுகு ரேகை பதிந்த அந்தத் தாள் முப்பத்தேழு வருடமாக அங்கேதான் இருந்தது. வெளியே காட்டினால் எனக்குத் தெரியும் என்பது தெரிந்துவிடும் என்று, பதினோரு பேரையும் இருட்டில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

புதன்கிழமை காலை ஷிப்டு முடிந்து அவள் நேராக வந்தாள்.

"சரியா சார்? மத்தியானத்துக்குள்ள குடுக்கணும், வார்ப்புக்காரன் போன் மேல போன் போடுறான்."

"வருஷம் தப்பு சம்ஃபீரா."

"அப்ப எது?"

"1683. உங்கப்பா உளறல. நானும் அவரும் சேந்துதான் அந்தக் கல்லைப் பாத்தோம்."

தாளைக் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு பெயராக வாயசைத்துப் படித்தாள். மெழுகைத் தொட்டு, "இது?" என்றாள்.

"உங்கப்பா கட்டைவிரல்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். தன் விரலை அந்த ரேகையின் மேல் வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் அழுதாள், சிரித்தாள். "யோவ் அப்பா! உளறலையாய்யா நீ! நான்தான்யா லூசு. ஒரு டைப் அடிச்ச பேப்பரப் பாத்துட்டு உன்னைப் போயி..." கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அப்ப அந்த லிஸ்ட்டுல 1839ன்னு எழுதினவன் யாரு சார்? தெரிஞ்சே எழுதியிருக்கானா?"

நான் நினைத்திருந்தால் அந்த இடத்தில்கூடத் தப்பித்திருக்கலாம். கொர்பு செத்து இருபது வருடமாகிறது. அவர் பெயர் நாக்கு நுனிவரை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"நான்."

"நான்னா?"

"நான்தான் எழுதினேன். தெரிஞ்சேதான் எழுதினேன்."

"மெரட்டினாங்களா?"

"இல்ல. வீடு குடுத்தாங்க. இந்த வீடு."

அவள் எழுந்து அறையைப் பார்த்தாள். கூரையை, சுவரை, பால்கனியை. முப்பத்தாறு வருடமாக வந்து போன வீட்டை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு சமையலறைக்குள் போய் அலமாரிக் கதவைத் திறந்தாள். கிண்ணங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"எங்கப்பாகிட்ட 'எழுதினேன், கேக்கல'ன்னு சொன்னது?"

"பொய்."

"அவரு அதைச் சொல்லிக்கிட்டேதான் செத்தாரு. தெரியுமா உனக்கு?"

முப்பத்தாறு வருடத்தில் அவள் என்னை 'நீ' என்றது அன்றைக்குத்தான். எனக்கு அது சரியென்றே பட்டது.

"ஒண்ணு கேக்குறேன், நீ படிச்சவன், பதில் சொல்லு. நான் எங்கப்பாவுக்குன்னு குடுத்ததயெல்லாம் உன் வாய் வழியாத்தான் அனுப்பினேன். போய்ச் சேந்துச்சா? அவருக்கு நம்பிக்கத் துரோகம் பண்ணினவன் வாய் வழியா அவருக்குச் சோறு எறங்குமா?" அவள் குரல் எப்போதும் போல் உரக்க இல்லை. "முப்பத்தாறு வருஷமா எங்கப்பாவ நான் பட்டினி போட்டிருக்கேனா?"

இந்த ஊரின் ஐந்நூறு வருடத்துக்கும் தேதி சொல்லத் தெரிந்தவன், அந்தப் பெண்ணின் ஒரு கேள்விக்கு முன்னால் ஒரு மடத்தனம் செய்தேன். "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடும்மா" என்று கிண்ணங்களைக் காட்டினேன்.

"செத்தவங்க பேருக்குக் குடுத்தத எவளாவது திரும்ப வாங்குவாளா? வச்சுக்க. தெனமும் அதுலயே தின்னு."

மெழுகு ரேகைத் தாளை மடித்து மார்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். பலகை வாசகத்தைத் திருத்தி எழுதிய என் தாளை அவள் எடுக்கவில்லை.

பலகை திறந்த அன்று நான் கீழே போகவில்லை. பால்கனித் திரைக்குப் பின்னால், சொந்த வீட்டில் திருடனைப் போல நின்றேன். முற்றத்தில் அறுபது பேர் இருந்திருப்பார்கள். பாதிரியார் தூபம் காட்டினார். யாரும் சொற்பொழிவு ஆற்றவில்லை. சம்ஃபீரா மட்டும் முன்னால் வந்து, ட்ராமுக்கு வழிவிடச் சொல்லும் அந்தக் குரலில், பதினோரு மெழுகுக்காரர்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். முன்னூற்று முப்பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவர்கள் கேட்டுக்கொண்டது அவ்வளவுதான். பன்னிரண்டாவதாக, "கல்லைக் கண்டெடுத்த நிக்கிஃபோர்" என்றாள். ஆறாவது மாடிவரை தெளிவாகக் கேட்டது.

சாயங்காலம் கீழே போய்ப் பார்த்தேன், பலகையில் 1683 என்று இருந்தது, என் பெயர் இல்லை. திரும்பி வரும்போது லிஃப்டில் மூன்றாம் மாடி அம்மாள், "ஒடம்பு எப்படியிருக்கு? உங்களுக்கு முடியலன்னு சம்ஃபீரா சொன்னா" என்று விசாரித்தார். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்பாவின் நாளில் என் பேச்சே வேண்டாம் என்று நினைத்திருப்பாள். அந்த அம்மாளிடம் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்தேன். இன்னொருத்தி சொன்ன பொய்க்குப் பின்னால் அன்றைக்கும் ஒதுங்கியிருக்கிறேன்.

அந்த வாரமே பழைய ஆவணங்கள் வைத்திருக்கும் இடத்துக்குப் போய், 1839 என்று எழுதியவன் நான், தெரிந்தே எழுதினேன், இன்ன காரணத்துக்காக எழுதினேன் என்று கையெழுத்திட்ட தாளை அந்தப் பட்டியலோடு சேர்க்கச் சொல்லிக் கொடுத்தேன். அதையே பேட்டைப் பத்திரிகைக்கும் அனுப்பினேன். போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நடைக்கு ஒருவரும் வரவில்லை. மூன்றாம் மாடி அம்மாள் இப்போது என்னைப் பார்த்தால் படியில் ஏறிப் போகிறார். இதெல்லாம் குறைச்சல் என்பது எனக்குத் தெரியும்.

இந்த வருடம் அந்தச் சனிக்கிழமை மணி அடிக்கவில்லை. அடிக்காது என்று தெரிந்தும் பத்து மணிவரை காத்திருந்தேன். முந்தின நாளே கோதுமை ஊறவைத்திருந்தேன். வேகவைத்து, சர்க்கரையும் வால்நட்டும் போட்டுக் கிளறிய பிறகுதான், நிரப்பிக் கொடுக்க என்னிடம் என்னுடையதென்று ஒரு கிண்ணம்கூட இல்லை என்பது நினைவுக்கு வந்தது. சந்தைக்குப் போய் ஒன்று வாங்கினேன், ஒரு படமும் இல்லாத வெள்ளைக் கிண்ணம். செர்ரியும் மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டு ட்ராம் ஏறினேன்.

அவள் இன்னும் அப்பாவின் வீட்டில்தான் இருக்கிறாள், அந்த எட்டாவது மாடியில். லிஃப்ட் பழுது என்று அட்டை தொங்கியது. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு எழுபத்தொரு வயதில் ஏறினேன். ஐந்தாவது மாடியில் உட்கார வேண்டியிருந்தது. நிக்கிஃபோர் இதைத் தினமும் இரண்டு வாளித் தண்ணீரோடு ஏறியிருக்கிறார்.

கதவைத் திறந்தவள் என்னையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. எனக்கு மூச்சு வாங்குவது நிற்கும்வரை காத்திருந்தாள்.

"யார் பேருக்கு?"

"நிக்கிஃபோர் பேருக்கு."

அவள் கை நீட்டவில்லை. "இத வாங்கினா நான் என்ன சொல்லணும்? கடவுள் மன்னிக்கட்டும்னு சொல்லணும். எங்கப்பாவ எதுக்கு மன்னிக்கணும்? அவரு என்ன தப்புப் பண்ணினாரு? உன்னை நம்பினதத் தவிர?"

திரும்பிப் போய்விடலாம் என்று நான் படிப் பக்கம் திரும்பியபோது அவள் நிறுத்தினாள்.

"உயிரோட இருக்கறவங்களும் அவங்கவங்க பேருக்குக் குடுத்துக்கலாம். எங்க தெருவுல கெழவிங்க குடுப்பாங்க, செத்தப்புறம் யார் குடுப்பான்னு. உன் பேருக்குக் குடு. வாங்கிக்கறேன்."

சொந்தப் பெயரை அவ்வளவு கஷ்டப்பட்டு நான் என்றைக்கும் சொன்னதில்லை.

"ஒக்டாவ் பேருக்கு."

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஒரு கரண்டி எடுத்து, என் கண்ணெதிரிலேயே மென்று விழுங்கினாள்.

"கடவுள் மன்னிக்கட்டும்" என்றாள். "நான் இல்ல."

கதவைச் சாத்திக்கொண்டாள். கிண்ணம் உள்ளே போய்விட்டது.